இரண்டாவது எடை

எங்கள் எடைமேடை அறைக்கு ஒரு வாசல், ஒரு ஜன்னல். வாசலில் மாமா உட்கார்ந்திருப்பார். ஜன்னலுக்கு வெளியே லாரி நிற்கும். நடுவில் நான்.

மாமாவுடையது இரும்பு நாற்காலி. காற்று வருகிறது என்று சொல்லி அதை வாசற்படியிலேயே போட்டு, இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொண்டு உட்காருவார். வெளியே போக வேண்டுமானால் "மாமா, கொஞ்சம்" என்று சொல்ல வேண்டும். "எங்க?" என்பார். கழிப்பறைக்குப் போனாலும் அதே கேள்விதான். பதில் சொன்ன பிறகுதான் நாற்காலி நகரும். இருபத்தாறு வயதாகியும் நான் அவருக்குப் பாப்பா. அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு லாரிக்காரர்கள் எல்லாருக்கும் பாப்பா ஆகிவிட்டேன்.

அன்று காலை நான் உள்ளே போனபோது கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. கறுப்புத் திரை, மேலே ஒரு வெள்ளைக் கோடு, அது மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ராத்திரி கரண்ட் வந்து வந்து போச்சு பாப்பா," என்றார் மாமா, நாற்காலியைத் துடைத்துக்கொண்டே. "அதுக்கு என்ன பண்றது. பழைய மெஷின்."

அன்று சாயங்கால பஸ்ஸில் நான் போயாக வேண்டும். துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் நேரில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஏற்கெனவே இரண்டு வேலை இப்படித்தான் கைநழுவிப் போயிருந்தது. முதல் தடவை நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய அன்று கம்ப்யூட்டர் விழுந்தது. இரண்டாவது தடவை பயிற்சிக்குக் கிளம்பிய அன்று. இரண்டு தடவையும் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே லாரி வரிசை கட்டி நின்றது. அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் மூன்றாவது தடவை நான் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் பேசினேன். மாமா கடைசியில், "இந்த மெஷின் நீ இல்லாம எந்திரிச்சு நிக்கணும். அது ஆகட்டும், அன்னிக்கே நீ போலாம்" என்றார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் அது என்னவோ நான் பெற்ற பிள்ளை மாதிரி. நான் சொன்னால் மட்டும்தான் கேட்கும் என்று நினைப்பு.

சரி, எந்திரித்து நிற்க வைக்கிறேன் என்று ஒரு பென் டிரைவ் தயார் செய்தேன். கம்ப்யூட்டர் நன்றாக இருந்த ஒரு நாளில் ஓ.எஸ்., எடை புரோகிராம், பிரிண்டர் எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுத்து, ஒரே கோப்பாகச் சுருட்டி அதில் அடைத்தேன். கம்ப்யூட்டர் விழுந்தால் அதைச் சொருகிப் பொத்தானை அமுக்க வேண்டும். "பழையபடி ஆக்கவா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும். யெஸ் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் பழையபடி இருக்கும். சிவப்பு நூல் கட்டி மேஜை டிராயரில் வைத்திருந்தேன். மாமாவுக்கும் காட்டியிருந்தேன். அந்தப் பென் டிரைவ்தான் எனக்கு விடுதலைப் பத்திரம்.

ஒரு குறை இருந்தது, அதையும் சொல்லியிருந்தேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு எடை. பாரத்தோடு வரும்போது முதல் எடை. இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது இரண்டாவது எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கின் எடை. முதல் எடைக்கு ஒரு சீட்டு வரும், அதில் 'இரண்டாவது எடை' என்ற இடம் காலியாக இருக்கும். லாரி திரும்பி வரும்வரை அந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்குள் திறந்தே கிடக்கும். பென் டிரைவைச் சொருகிப் பழையபடி ஆக்கினால் திறந்து கிடக்கும் கணக்கெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். லாரிக்காரன் கையில் இருப்பது வெறும் காகிதம். கையால் அடித்த எண்ணைச் சரக்கு வாங்கும் ஆலைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

டிராயரைத் திறந்தேன். சிவப்பு நூல் இருந்தது, பென் டிரைவும் இருந்தது. மூச்சு வந்தது. சொருகிப் பொத்தானை அமுக்கினேன். அதே கறுப்புத் திரை, அதே வெள்ளைக் கோடு. இடம் மாற்றிச் சொருகினேன். திட்டினேன். மறுபடி சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.

என் பழைய லேப்டாப்பை எடுத்து அதில் போட்டுப் பார்த்தேன். பென் டிரைவ் நிறையப் பாட்டு. சோகப் பாட்டு, குத்துப் பாட்டு, ராத்திரி டிரைவிங் என்று தனியாக ஒரு தொகுப்பு. நான் அடைத்து வைத்ததில் ஒரு துளிகூட மிச்சம் இல்லை.

எங்கள் எடைமேடையின் பழக்கம் அப்படி. லாரி மேடையில் ஏறி நிற்கும் நேரத்தில் டிரைவர்கள் ஜன்னல் வழியாகப் பென் டிரைவை நீட்டுவார்கள். எடை போட்டு முடிப்பதற்குள் பாட்டு ஏற்றித் தர வேண்டும். பக்கத்து எடைமேடையில் குடிதண்ணீர் தருகிறார்கள், நாங்கள் பாட்டு தருகிறோம். அதனால் இந்த அறையில் பென் டிரைவ் என்றாலே பாட்டுப் பெட்டிதான். அதை டிராயரில் சும்மா வைத்துவிட்டு நம்பிக்கொண்டிருந்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"மாமா, இந்தப் பென் டிரைவை யாராவது எடுத்தாங்களா?"

"எனக்கென்ன தெரியும். நீதானே ஏத்துற பாட்டெல்லாம்." அவர் திரும்பிப் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகட்டும், மறுபடி செய்தால் போயிற்று. சுருட்டிய கோப்பு லேப்டாப்பில் இருந்தது. யாருடைய பாட்டோ என்று எல்லாவற்றையும் ஓர் ஓரமாக நகல் எடுத்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். கோப்பைக் காட்டினேன், பென் டிரைவைக் காட்டினேன். 'இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்' என்று எச்சரித்தது. அழியட்டும் என்றேன். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது.

அதற்குள் வெளியே ஹாரன். மேடையில் ஒரு பழைய இரும்பு லாரி ஏறி நின்றது. அதற்குப் பின்னால் மரம், அதற்குப் பின்னால் மூட்டை. வெளியே கம்பத்தில் இருக்கும் பெரிய பலகையில் எடை சிவப்பு எண்களில் தெரிகிறது. அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஆனால் சீட்டு இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நேற்று முதல் எடை போட்டுவிட்டுப் போனவர்கள் வேறு ஒவ்வொருவராக வந்தார்கள்.

"பாப்பா, நான் சரக்கை இறக்கிட்டேன். இப்ப என் கணக்கு இல்லைன்னா என்ன அர்த்தம்? திரும்ப ஏத்திக்கிட்டு வரணுமா?"

"எல்லாம் சரி பண்ணித் தரேண்ணா. கொஞ்சம் நில்லுங்க."

"நிக்கத்தானே வந்திருக்கோம்," என்று அவர் ஜன்னல் கட்டையிலேயே சாய்ந்துகொண்டார். இருந்த கொஞ்சம் வெளிச்சமும் போயிற்று.

எழுதி முடிந்ததும் ஓடிப்போய்ச் சொருகினேன். ஓடிப்போய் என்றால் இரண்டு எட்டு, அந்த அறையில் அதற்கு மேல் ஓட இடமில்லை. கறுப்புத் திரை. பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அவசரத்தில் புதிய கம்ப்யூட்டர்களுக்கான முறையில் எழுதியிருக்கிறேன். இந்தக் கிழத்துக்குப் பழைய முறையில் எழுதினால்தான் கண் தெரியும். போன தடவை நிதானமாகச் செய்தபோது அதைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். மறுபடி முதலில் இருந்து. மறுபடி அந்த எச்சரிக்கை, மறுபடி அந்த எறும்பு.

மத்தியானம் அத்தை சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். இன்னொரு கையில் என் பை. வாசலில் நாற்காலி இருந்ததால் அவள் உள்ளே வரவில்லை. தூக்கை மட்டும் மாமாவிடம் கொடுத்துவிட்டு, பையோடு மேடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிமெண்டுத் திண்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பையை எதுக்கு இங்க தூக்கிட்டு வந்த?" என்றார் மாமா.

"இங்க இருந்தே பஸ்ஸுக்குப் போகட்டும்னு."

"மெஷின் விழுந்து கிடக்கு, பஸ்ஸாம்."

அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நிழலுக்குப் போங்கள் என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். கேட்காத மாதிரி இருந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்தவர் எங்கள் பாட்டுக்காரர். எங்களிடம் அதிகமாகப் பாட்டு வாங்குகிறவர் என்பதால் அந்தப் பெயர். அவர் லாரி கேபினில் பாட்டு நின்று நான் பார்த்ததே இல்லை. வழக்கம்போல ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"இந்தப் பாட்டெல்லாம் உங்களோடதாண்ணா?" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "யாரோ என் பென் டிரைவ்ல ஏத்திட்டாங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "என்னோடது வண்டியில பாடிக்கிட்டு இருக்கே. இது மாமாவோட செலக்‌ஷன். முந்தாநாள் எனக்கும் அவருதான் ஏத்திக் குடுத்தாரு. நீ டிக்கெட் எடுக்கப் போயிருந்த."

"மாமாவா?"

"ஆமா. சிவப்பு நூல் கட்டின ஒண்ணைச் சொருகினாரு. ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. டக்குனு யெஸ் அமுக்கினாரு. கேட்டா யெஸ்தான் சொல்லணும், பாப்பா சொல்லிக் குடுத்திருக்குன்னாரு. அதுல ஏத்தி டிராயர்ல வெச்சிட்டு, அப்புறம் என்னோடதுல ஏத்தினாரு. நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்க."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். சாதாரணமாகப் போட்டால் அந்தப் பென் டிரைவைக் கம்ப்யூட்டரால் படிக்க முடியாது. அதனால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து ஃபார்மட் பண்ணவா என்று கேட்கும். யார் போட்டாலும் கேட்கும். ஆனால் கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடத் தெரியாது என்று வருஷக்கணக்காக என் உயிரை வாங்கியவர், சிவப்பு நூல் எதற்கு என்று நன்றாகத் தெரிந்தவர், டக்கென்று யெஸ் அமுக்கியிருக்கிறார்.

குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். பிளக் பலகை முழுக்கத் தூசி படிந்திருந்தது. கம்ப்யூட்டர் பிளக்கில் மட்டும் விரல் பட்ட இடம் சுத்தமாக இருந்தது.

"மாமா, ராத்திரி கரண்ட் போகலைதானே?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வயரைப் பிடுங்கினீங்களா?"

"பாட்டுக்காரரே, வண்டிக்குப் போங்க. கூப்பிடறோம்," என்றார் மாமா. பாட்டுக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். மாமா அப்புறமும் சாலையையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஓடிக்கிட்டு இருக்கும்போது பிடுங்கக்கூடாதுன்னு நீதான் சொன்ன. பிடுங்கினா விழுந்துரும்னு. முதல் தடவை சும்மா பிடுங்கிப் பாத்தேன். விழுந்துருச்சு. நீயும் போகலை."

"அப்ப ரெண்டாவது தடவையும்."

"ஆமா."

பச்சைப் பொய் சொல்லியிருந்தால்கூடக் கத்தியிருப்பேன். அவர் இப்படி உண்மையைச் சொன்னதும் எனக்குக் கத்த வரவில்லை. இரண்டு வேலை போயிற்று. மூன்று வருஷமாக இந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்து, எனக்குத்தான் சரியாகச் செய்யத் தெரியவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

"ஏன் மாமா?"

"ஏன்னா என்ன. நீ போயிட்டா வீட்டுல நானும் உங்க அத்தையும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். எங்களுக்கு வேற யார் இருக்கா? போறேன் போறேன்னு நீ சிரிச்சுக்கிட்டே சொல்ற. எனக்கு நெஞ்சு அடைக்குது."

அவர் மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தைக் கண்டுதான் நான் பயந்தேன். கயிறு போட்டுக் கட்டியிருந்தால் அறுத்துக்கொண்டு போகலாம். இது அப்படி இல்லை.

லேப்டாப் டிங் என்றது. பென் டிரைவ் தயார்.

சொருகினேன். பொத்தானை அமுக்கினேன். திரை நீலமானது. 'பழையபடி ஆக்கவா?' நான் யெஸ் என்றேன். மாமா முதல் முறையாகத் திரும்பி, கம்ப்யூட்டர் உயிர் பெறுவதைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்த ஆள் எழுந்து தண்ணீர் கேட்டது மாதிரி அது எழுந்து நின்றது. பிரிண்டர் ஒரு தடவை இருமிவிட்டுத் தயாரானது.

"மெஷின் எந்திரிச்சிருச்சு மாமா. நான் இல்லாமலே எந்திரிக்கும். என்ன பண்ணணும்னு உங்களுக்கே தெரியும்." பென் டிரைவை மேஜை மேல் அவர் கண்ணில் படும்படி வைத்தேன். "கொஞ்சம் எந்திரிங்க."

"வண்டிங்க நிக்குது. அதை முடிச்சிட்டுப் போ."

நியாயம்தானே என்று உட்கார்ந்தேன். பழைய இரும்பு போயிற்று. மரம் போயிற்று. மூட்டை போயிற்று. சரக்கை இறக்கிவிட்டு வந்தவர்களுக்கு ஆலையில் போனில் பேசி, கெஞ்சி, இந்த ஒரு தடவை என்று ஒத்துக்கொள்ள வைத்தேன். பாட்டுக்காரர் மேடையை விட்டு இறங்கி ஓரமாக நிறுத்தினார். வெயில் சாய்ந்துவிட்டது.

"மாமா, கொஞ்சம்."

"அதோ ஒருத்தன் வரான் பாரு. அவனுக்கும் போட்டுரு."

நான் பார்த்தேன். வளைவில் ஒரு லாரி திரும்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்றின் விளக்கு தெரிந்தது. இந்தச் சாலையில் லாரி தீரவே தீராது. கடைசி லாரி என்று ஒன்று இல்லை என்பது மாமாவுக்குத் தெரியும். நான்தான் இத்தனை வருஷமாகக் கடைசி லாரிக்குக் காத்திருந்திருக்கிறேன்.

"எந்திரிங்க மாமா."

அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கையைப் பிடித்து விலக்க என்னால் முடியாது. அதுதான் எனக்குச் சோறு ஊட்டிய கை.

நான் ஸ்டூலை ஜன்னலுக்கு அடியில் இழுத்துப் போட்டேன். ஏறினேன். சீட்டு நீட்டுவதற்கென்று கம்பி வைக்காமல் விட்ட பெரிய ஜன்னல் அது. ஒரு காலை வெளியே போட்டேன். சுடிதார் ஆணியில் மாட்டிக் கிழிந்தது. எடைமேடைக்காரி ஜன்னலில் தொங்குவதைப் பாட்டுக்காரர் தன் கேபினிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். மேடை மேல் தொம்மென்று குதித்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து அத்தை எழுந்து வந்தாள். அவள் மேடையில் ஏறவில்லை. ஓரத்தில் நின்றபடியே பையை என் கையில் கொடுத்தாள். "பஸ்ஸை விட்டுராத. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு," என்றாள். அவ்வளவு நேரம் வெயிலில் உட்கார்ந்ததில் முகம் கறுத்துப் போயிருந்தது.

வளைவில் வந்த லாரிக்காரர் மேடை காலியாகட்டும் என்று தள்ளி நிறுத்தியிருந்தார். நிமிர்ந்து கம்பத்துப் பலகையைப் பார்த்தேன். சிவப்பு எண்ணில் அறுபது என்றிருந்தது. நானும் என் பையும் சேர்ந்து. அந்த மேடையில் வருஷக்கணக்காக ஊரையே எடை போட்டிருக்கிறேன், நான் ஏறி நின்றது அதுவே முதல் தடவை.

அப்போது உள்ளே பிரிண்டர் சத்தம் கேட்டது.

நான் திரும்பினேன். வாசலில் நாற்காலி காலியாக இருந்தது. மாமா என் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். கையில் சீட்டு.

வாங்கிப் பார்த்தேன். வண்டி எண் என்ற இடத்தில் பாப்பா என்று அடித்திருந்தார். முதல் எடை அறுபது. இரண்டாவது எடை என்ற இடம் காலி.

"திறந்து வெச்சிருக்கேன்," என்றார் மாமா. "எப்ப வேணா வந்து போட்டுக்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டை மடித்துப் பையின் உள்ளறையில் வைத்தேன். பாட்டுக்காரர் ஹாரன் அடித்தார். "ஏறு பாப்பா, பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்." மேடையை விட்டு இறங்கியதும் பலகையில் எண் சுழியத்துக்குப் போயிற்று.

லாரி கிளம்பிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்குள் திறந்து கிடக்கிறது. இனி மாமா வயரைப் பிடுங்கினால், அப்புறம் பென் டிரைவைச் சொருகி யெஸ் அமுக்க வேண்டியிருக்கும். அமுக்கினால் என் கணக்கும் துடைத்துக்கொண்டு போய்விடும். அது அவருக்கும் தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். மாமா ஜன்னலுக்குள் உட்கார்ந்து, அடுத்த லாரிக்கு மேடையைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.